சுழியல் பதிகத்துக்கு எத்தனை வாயில்?

திருமுறைகளுக்கென ஓர் இணையதளம் அமைக்க முனைந்த என் தம்பி மகள், சென்ற சித்திரையில் திருச்சுழியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பக்கத்துக்கு ஒன்றாகத் துண்டுச் சீட்டுகளில் தலைப்புகளை எழுதி, கரிசல்காட்டுக் காற்று அவற்றை அள்ளிக்கொண்டு போகாதபடி ஒவ்வொன்றின்மேலும் ஒரு புளியங்கொட்டையை வைத்து, இனமினமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். மெனுவில் எதன் கீழ் எது வரவேண்டும் என்பதை இப்படித்தான் முடிவு செய்வார்களாம். எல்லாம் இடம் பெற்றபின் ஒரு சீட்டு மட்டும் கையில் நின்றுவிட்டது. சுந்தரர் எங்கள் ஊரைச் சுழியல் என்று பாடிய பதிகம் அது.

“பெரியப்பா, இத ஊரு கீழ வைக்கவா, பண்ணு கீழ வைக்கவா, பாடுனவரு பேருல வைக்கவா?”

நான் உடனே விடை சொல்லவில்லை. ஒழுங்கு என்பது பொருளிலேயே உறைகிறதா, அன்றி அதை நாடி வருகின்றவனுடைய தேவையிலிருந்து பிறக்கிறதா என்னும் பழைய விசாரமல்லவா அந்தச் சீட்டில் ஒளிந்திருந்தது!

நம்பியாண்டார் நம்பி வகுத்ததாக மரபு போற்றும் அடைவில், சம்பந்தர் பாடல்கள் முதல் 3 திருமுறைகளாகவும், அப்பர் பாடல்கள் அடுத்த 3 ஆகவும், சுந்தரர் பாடல்கள் 7-ஆம் திருமுறையாகவும் நிற்க, சுந்தரர் பதிகங்கள் பண்வாரியாகத் தொடர்கின்றன. அவ்வகையில் சுழியல் பதிகம் 82-ஆவது, பண் நட்டபாடை. அதற்கு முன்னே அதே பண்ணில் வரிசையாக நிற்பவை எவை தெரியுமா? 78 இமயத்துக் கேதாரம், 79 ஸ்ரீசைலமாகிய திருப்பருப்பதம், 80 ஈழத்து மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம், 81 திருக்கழுக்குன்றம். பனிமலையும் கடல்கடந்த மாதோட்டமும் நம் ஊர்க் குண்டாற்றங்கரையும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன! தலமுறையாக அடுக்கிய பதிப்புகளைப் புரட்டினாலோ, அதே பதிகம் பாண்டி நாட்டுத் தலங்கள் பதினான்கினுள் ஒன்றாகி, திருப்பூவணத்துக்கும் கானப்பேருக்கும் உறவினனாகிவிடுகிறது. பண்முறை ஓதுவாருக்கு உதவுவது. தலமுறை மூட்டையும் முடிச்சுமாகப் புறப்பட்ட யாத்திரிகனுக்கு உதவுவது. இரண்டிலும் பாடலின் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

பரம்பொருள் ஒன்றேயாயின் இத்தனை பிரிவுகளும் மாயையன்றோ என்று அத்வைதம் பேசுவோர் கேட்கலாம். எல்லாம் ஒன்று என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டிவைப்பது அத்வைதமன்று, சோம்பல் என்பதே என் கட்சி. 1879-இல் இதே திருச்சுழியில், திருமேனிநாதர் கோயிலை ஒட்டிய வீட்டில் பிறந்த ரமண மகரிஷி, ‘நான் யார்’ என்னும் ஒரே விசாரம் போதும் என்று உபதேசித்தவரேயாயினும், தம் அடியார் முருகனாரின் வேண்டுகோளுக்கிணங்கி உபதேச வுந்தியாரின் 30 பாடல்களை இயற்றுகையில், கன்மத்திலிருந்து தொடங்கிப் பக்தியும் யோகமும் கடந்தே ஞானத்துக்கு வருகிறார். அதிகாரி பேதம் என்று சாஸ்திரம் சொல்வது இதைத்தான்: நிற்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் வாயிலும் வேறுபடுகிறது. மங்கலான அருந்ததியைக் காட்ட விரும்புவோர் அருகிலுள்ள பெரிய நட்சத்திரத்தை முதலில் சுட்டிக்காட்டி, கண் அதில் நிலைத்தபின் அப்பால் திருப்புவார்கள்; அந்த நியாயத்தைக் கல்யாணப் பந்தலில் கண்டவர்களுக்கு மெனு என்பது புதிதன்று. காட்டுகின்றவனுக்கு எது பெரிதென்பதைக் கேளாமல், பார்க்கின்றவன் கண்ணுக்கு எது முதலில் படும் என்பதைக் கேட்பதே அதன் உயிர்.

இதை மறந்த கோயில் இணையதளங்கள் எத்தனை! நடை எப்போது திறக்கும் என்று அறிய வருகின்றவனை, நிர்வாகிகளின் புகைப்படங்களையும் பொன்னாடை போர்த்திய விழாக்களையும் தாண்டி வரச் செய்வது, பக்தனைக் கொடிமரத்தடியில் நிறுத்திவைத்து அலுவலகத்தைச் சுற்றிக்காட்டுவதற்கு ஒப்பாகும்.

இவற்றில் பாதியையேனும் அவள் காதில் வாங்கியிருப்பாளோ, அறியேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சீட்டுக்கு இரண்டு நகல் எழுதி, மூன்று குவியலிலும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டாள். பிறகு புதிதாக ஒன்று எழுதி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்: ‘அருப்புக்கோட்டையிலிருந்து வரும் பஸ்கள்’.