சினைக் கெண்டையும் வில்லாளியின் மனச்சான்றும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலங்களில் வசந்தம் முதிர்ந்து நீர் வெதுவெதுப்படையும் நாள்களில், கெண்டை மீன்கள் ஆழத்தை விட்டு, முழங்காலளவு நீர் நிற்கும் கோரைப் புதர்களுக்குள் முட்டையிட வருகின்றன. ஒரு பெண் மீனை ஆண் மீன்கள் பல சூழ்ந்து வருகின்றன. அவற்றின் முதுகு நீருக்கு மேலே தெரிகின்றது. அவ்வேளைக்காகவே வில்லேந்தியோர் காத்திருக்கின்றனர். அம்பின் முனையில் முள், பின்னே கயிறு. தூண்டிலில் பிடித்த மீனைத் திரும்ப விடலாம். அம்பு தைத்த மீனை விட இயலாது.

இது தகுமோ என வினவினால், அவர்கள் தரும் விடை எளிதில் தள்ளத்தக்கதன்று. கெண்டை அந்நாட்டுக்கு உரிய மீனன்று. அது அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்குகின்றது. நீர்த்தாவரங்களை வேரோடு பெயர்த்து, பிற உயிர்களின் உணவையும் உறைவிடத்தையும் அழிக்கின்றது. இலட்சக்கணக்கில் முட்டையிடுகின்றது. ஆகவே சினைக்காலத்தில் அதைக் கொல்வதே ஏரிக்கு நன்மை என்பர்.

ஆனால், அது தானே வந்து பரவியதன்று. மக்களுக்கு உணவாகட்டும் என்று, 1877-இல் அமெரிக்க அரசின் மீன்வள ஆணையம் ஜெர்மனியிலிருந்து அதை வருவித்து நாடெங்கும் பரப்பியது. விரும்பி அழைத்த விருந்தையே பின்னர் மதிப்பற்ற மீன் என்று ஒதுக்கினர். நம் குளங்களில் வளர்த்து, சந்தையில் நிறுத்து வாங்கும் மீனுக்கு அங்கே இந்த இழிபெயர்!

அவ்விழிபெயரின்கீழ், பஃபலோ எனப்படும் அந்நாட்டு மீனும் நெடுங்காலம் சேர்க்கப்பட்டிருந்தது. அது நூறாண்டுக்கு மேலும் வாழவல்லது என 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நூறாண்டு வாழ்ந்த மீனும், ஏரியைக் கெடுக்கும் மீனும் இகழ்ச்சியின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன.

திருவிவிலியத்தில் இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரம், கூட்டில் குஞ்சுகள்மேலோ முட்டைகள்மேலோ அமர்ந்திருக்கும் தாய்ப்பறவையைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பிடிக்கலாகாது என்கின்றது. குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாயைப் போகவிட வேண்டும். உண்பதை அது தடுக்கவில்லை. எடுப்பவரின் கைக்கு ஓர் எல்லை வகுக்கின்றது. குறைக்கப்பட வேண்டிய மீனுக்கு இச்சட்டம் நேரே பொருந்தாது எனலாம், அது உண்மையே. ஆனால் இத்தகைய கட்டளைகளை விளக்கிய புனித தோமா அக்குவினா, விலங்குகளிடம் இரங்கிப் பழகிய உள்ளம் மனிதரிடமும் இரங்கும் என்றார். அப்படியாயின், சட்டம் காக்க விரும்பியது பறவையை மட்டுமன்று; அதைப் பிடிப்பவரின் இதயத்தையும்தான். இன்றைய திருச்சபையின் மறைக்கல்வியும், தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானவை எனக் கற்பிக்கின்றது.

எனவே கெண்டையைக் கொல்லவே கூடாது என்று நாம் தீர்ப்பிட வேண்டியதில்லை. ஏரியைக் காக்கவும் உணவுக்காகவும் எய்பவர் குற்றவாளி அல்லர். ஆனால் எய்வது எந்த மீன் என அறியாமல் அம்பு விடுவதும், எண்ணிக்கைக்காகவே கொன்று குவித்துக் கரையில் அழுகவிடுவதும் வேறு. எய்த மீனை நீரிலோ கரையிலோ எறிந்துவிட்டுப் போவதை மினசோட்டா மாநிலச் சட்டம் தடைசெய்கின்றது. சட்டம் உடலை அகற்றச் சொல்லும். இகழ்ச்சியை அகற்ற அதனால் இயலாது. அது மனச்சான்றின் பணி.

அன்பர்களே, நீரில் தெரியும் மீன் உண்மையில் அவ்விடத்தில் இல்லை. நீர் ஒளியை வளைத்துக் காட்டுகின்றது. இதை அறிந்த வில்லாளி, தெரியும் உருவத்திற்குக் கீழே குறிபார்க்கின்றார். பயனற்றது என்று நாம் சூட்டும் பெயரும் அவ்வாறே பார்வையை வளைக்கின்றது. அப்பெயரை நாம் மீனுக்கு மட்டுமா சூட்டுகின்றோம்?