விலையில்லாப் பொருள் இரு வகை

விலை கொடுக்காமல் நம் கைக்கு வரும் பொருள்கள் யாவும் ஒரே தன்மையுடையவைதாமா? வியாபாரிகளாகிய நாம் இதைச் சற்றே சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பிள்ளைகளின் படிப்புக்கென்று பழைய கணினி ஒன்றை வாங்கினோம். "எல்லாம் உள்ளேயே போட்டிருக்கிறது" என்றார் விற்றவர். மகிழ்ந்தோம். அதிலிருந்த விண்டோஸ் உரிமமில்லாத களவுப் பிரதி என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் பல மாதங்கள் வாளாவிருந்தோம். அரிசி மூட்டையில் அரைக் கிலோ குறைந்தால் மொத்த வியாபாரியோடு வழக்காடும் நாம்தான் அப்படி இருந்தோம்!

"அது கோடிகள் புரளும் கம்பெனி; நம்மால் அதற்கென்ன நஷ்டம்?" என்று மனம் சமாதானம் சொல்லிற்று. ஆனால் ஒருவன் "முதலாளிக்குத்தான் நிறைய இருக்கிறதே" என்று நம் கடைச் சரக்கை மடியில் கட்டிக்கொண்டு போனால் அந்த நியாயத்தை ஒப்புவோமா? உடையவனுடைய செல்வத்தை அளந்து களவை ஹலாலாக்க முடியாது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு நம் பழைய கணினியில் இல்லை. புதியது வாங்குவதா, மறுபடியும் குறுக்கு வழியா என்று தயங்கிய வேளையில், மூத்த மகன் மூன்றாவது வழியொன்று சொன்னான்: லினக்ஸ்.

1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய வேலை அது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும் அதனோடு சேர்ந்தன. யாரும் உபயோகிக்கலாம், பிரதி எடுக்கலாம், திருத்தலாம். லினக்ஸின் கருவைத் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர், அதன் மூலநிரலையும் அதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

முதலில் படங்களையும் கடிதங்களையும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்து வைத்தோம். லினக்ஸ் மின்ட் என்னும் வகையைப் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்த்தோம். மனம் ஒப்பிய பின்னரே நிறுவினோம். கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ், இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ். வீட்டுக்கு இவை போதும். தமிழும் தட்டலாம். கஷ்டமே இல்லையென்று சொல்லமாட்டோம். பிரிண்டர் இரண்டு நாள் முரண்டு பிடித்தது. கடைக் கணக்கு மென்பொருள் அதில் ஓடவில்லை. ஆகவே கடைக்கு விண்டோஸ் உரிமத்தைக் காசு கொடுத்தே வாங்கினோம். அதுவும் நேர்வழியே.

கல்லாவைப் பார்த்தால், களவுப் பிரதிக்கும் லினக்ஸுக்கும் நாம் கொடுத்தது பூஜ்யம்தான். ஆனால் ஒன்று உடையவர் சம்மதமின்றி எடுத்தது; மற்றது ஆக்கியவர்கள் மனமுவந்து கொடுத்தது. முன்னதை உபயோகித்த நாளெல்லாம் உள்ளத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. பின்னதோ நம்மீது ஒரு கடனை வைத்திருக்கிறது. அக்கடனில் சிறிது தீரட்டுமென்று, பக்கத்துக் கடைக்காரர் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து அவருக்கும் நிறுவிக் கொடுத்தோம்.

சகோதரர்களே! கடையில் படிக்கல்லைச் சரிபார்க்கும் நாம், வீட்டுக் கணினியையும் ஒருமுறை சரிபார்த்துக் கொள்வோமாக.