உடம்புக்கு ஆதி உண்டு, உயிருக்கு?

(நங்கநல்லூரில் நிகழ்ந்த மாலைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆஞ்சநேயரைச் சேவித்துவிட்டு, பிரசாதமும் கையுமாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் கனமானது. உயிர் எப்போது தோன்றியது? ஆண்டவன் படைத்தானா, ஆதிக் கடலில் தானாக உண்டாயிற்றா?

பள்ளிக்கூடம் போகும் பேரன் உயிரியல் புத்தகத்தைக் கொண்டுவந்து இதைக் கேட்டால், பெரியவர்களாகிய நாம் இரண்டு விதமாகத் தப்பித்துக்கொள்கிறோம். "இதையெல்லாம் நம் ரிஷிகள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்" என்பது ஒன்று. "பரீட்சையில் அதை எழுது, பூஜை அறையில் இதை நம்பு" என்பது மற்றொன்று. இரண்டுமே குழந்தையை ஏமாற்றுகிற காரியம். விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று முதலில் காது கொடுத்துக் கேட்போம்.

நம் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோகைட் என்ற பாறையால் ஆனவை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்கு வயது 454 கோடி. இந்தப் பூமியில் உயிர் இருந்ததற்குக் கிடைத்திருக்கும் பழைய தடயங்கள் ஏறக்குறைய 350 கோடி ஆண்டு முந்தியவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பழவந்தாங்கல் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது கண்ணில் படுகிறதே அந்த மலை, அது உருவாவதற்கு 100 கோடி ஆண்டு முன்பே பூமியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. அவற்றின் வழியில்தான் வேப்பமரமும் வந்தது, காக்கையும் வந்தது, நாமும் வந்தோம்.

அந்த முதல் உயிர் எப்படி வந்தது? வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டையில் ரசாயனப் பொருள்கள் சேர்ந்து உண்டாகியிருக்கலாமோ என்று 1871-இல் ஒரு கடிதத்தில் ஊகித்தார் டார்வின். 1929-இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி அந்த ஊகத்துக்கு உருவம் கொடுத்தார். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரத்தில் கண்மூடிய அதே ஹால்டேன்தான். 1953-இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற இளைஞர் கண்ணாடிக் குடுவையில் நீர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் வாயுக்களை அடைத்து, மின்னலுக்குப் பதிலாக மின்பொறி பாய்ச்சினார். சில நாட்களிலேயே அமினோ அமிலங்கள் கிடைத்தன. நம் உடம்பின் புரதம் எதனால் கட்டப்படுகிறதோ அந்தப் பொருள்.

இந்த வரிசையில் நமக்குக் கொஞ்சம் உறவான ஒருவர் இருக்கிறார். சிரில் பொன்னம்பெரும, இலங்கையில் காலியில் 1923-இல் பிறந்தவர். முதலில் அவர் படித்தது தத்துவம். படித்தது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில், பட்டம் பெற்றது 1948-இல். தத்துவம் முடித்தவர் லண்டன் போய் வேதியியல் படித்தார். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி, நாசாவில் சேர்ந்து, உயிரின் தோற்றத்தையே வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் விண்கல் ஒன்று விழுந்தது. அதற்குள் அமினோ அமிலங்கள் இருப்பதையும், அவை பூமியில் ஒட்டிக்கொண்டவை இல்லை, விண்ணிலேயே உண்டானவை என்பதையும் மறு ஆண்டே அவருடைய குழு எடுத்துக்காட்டியது. உயிரின் மூலப்பொருள்கள் இந்த மண்ணுக்கு மட்டும் உரியவை அல்ல என்பது அப்போது தெளிவாயிற்று.

செங்கல் கிடைத்துவிட்டது, வீடு இன்னும் எழும்பவில்லை. வெறும் ரசாயனங்களிலிருந்து உயிருள்ள ஓர் அணுவை இதுவரை யாரும் செய்து காட்டவில்லை. இதைக் கேட்டதும் சில பக்தர்களுக்கு நிம்மதி. "பார்த்தீர்களா, அங்கேதான் பகவான் இருக்கிறார்!" என்பார்கள். அந்த நிம்மதி வேண்டாம் என்றுதான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விஞ்ஞானிக்குத் தெரியாத இடத்தில் கடவுளைக் குடிவைத்தால், அந்த விஞ்ஞானி ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க நம் கடவுள் வீடு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பிறருடைய அறியாமையில் நிற்கிற பக்தி எத்தனை நாள் நிற்கும்?

நாளைக்கே ஒரு சோதனைக்கூடத்தில் உயிரணு தயாராகிவிட்டது என்று செய்தி வரட்டும். நம் சமயத்துக்கு என்ன நஷ்டம்? 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அந்தச் சைவ சித்தாந்தத்தில் பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசமாகிய கட்டு மூன்றும் அனாதி. இறைவன் உயிரைப் படைத்தான் என்று அது சொல்லவே இல்லை. இருக்கிற உயிருக்கு மாயையிலிருந்து உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் கொடுத்தான் என்றுதான் சொல்கிறது. ராமானுஜர் சம்பிரதாயத்தைக் கேளுங்கள், சித்தாகிய உயிர், அசித்தாகிய சடம், ஈசுவரன் மூன்றும் நித்தியம். அத்வைதியைக் கேளுங்கள், ஆத்மாவுக்குப் பிறப்பே இல்லை. கீதையின் இரண்டாம் அத்தியாயமும் அதையே சொல்கிறது. எத்தனையோ விஷயங்களில் வாதம் செய்துகொண்ட ஆசாரியர்கள், உயிர் ஒரு குறிப்பிட்ட நாளில் செய்யப்பட்ட பொருள் அல்ல என்பதில் மட்டும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

ஆகவே விஞ்ஞானி தேடுவது உடம்பின் ஆதியை. அது என்றைக்கு, எந்தக் கடலில், எந்த வாயுவில் தொடங்கியது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சொன்னால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் டார்வினுக்கும் அங்கிருந்த மதவாதிகளுக்கும் நடந்த சண்டையை நாம் இங்கே வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை.

"சரி, உயிர் என்று தனியாக ஒன்று இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உடனே சிலர் வாட்ஸ்அப்பை நீட்டுவார்கள்: உயிரின் எடை 21 கிராம்! அமெரிக்காவில் டங்கன் மெக்டூகல் என்ற மருத்துவர் சாகும் தறுவாயிலிருந்த ஆறு பேரைத் தராசில் வைத்துப் பார்த்து, 1907-இல் வெளியிட்ட கதை அது. ஆறு பேருக்கும் ஒரே முடிவு வரவில்லை. விஞ்ஞான உலகம் அதை ஒதுக்கிவிட்டது. நாமும் ஒதுக்க வேண்டும். தராசில் நிற்பதெல்லாம் சடம் என்பது நம் சாஸ்திரம். எடை இருக்கிற ஆன்மாவை நம் சித்தாந்தமே ஏற்காது.

மெய்கண்டார் வேறு வழியில் போகிறார். மூன்றாம் சூத்திரம் முழுக்க ஆன்மா உண்டு என்பதற்கான காரணங்கள்தான். ஒன்றை மட்டும் பார்ப்போம். கண்ணுக்குக் கேட்கத் தெரியாது, காதுக்குப் பார்க்கத் தெரியாது. ஆனால் கோயிலில் மணியோசை, கற்பூர ஒளி, துளசி வாசனை, தீர்த்தத்தின் சுவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அனுபவமாக ஒருவர் உணர்கிறாரே, அவர் யார்? மூளையின் வெவ்வேறு பகுதிகளில் நடப்பது எப்படி ஒரே அனுபவமாகிறது என்று இன்றைய நரம்பியலாரும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அவர்கள் ஒரு கடினமான கேள்வியும் வைத்திருக்கிறார்கள். பக்கவாதம் வந்தால் பேச்சு போகிறது. மறதி நோய் வந்தால் பெற்ற பிள்ளையின் முகமே தெரியவில்லை. மூளை கெட்டால் மனம் கெடுகிறது என்றால், மூளையே எல்லாம் என்று ஆகாதா? சித்தாந்தம் இதற்குத் திடுக்கிடவில்லை. முப்பத்தாறு தத்துவங்களில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கையும் அது சடப்பொருளின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. கண் நன்றாக இருந்தாலும் விளக்கு அணைந்தால் பார்க்க முடியாததுபோல, கருவி கெட்டால் உயிரால் அறிய முடியாது. விளக்கு அணைந்ததனால் கண் இல்லாமல் போய்விடவில்லை. இதை நான் நிரூபணம் என்று சொல்லவில்லை. மூளை ஆராய்ச்சியைக் கண்டு பயப்படாத ஒரு தரிசனம் நம் கையில் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

நாமும் திருத்திக்கொள்ள வேண்டியவை உண்டு. பிறப்பு நான்கு வகை என்பது மரபு: முட்டை, கருப்பை, விதை, வியர்வை. வியர்வையிலும் அழுக்கிலும் புழு தானாக உண்டாகும் என்று கிரேக்கர்களும் நம்பினார்கள், நாமும் நம்பினோம். 1860-களில் பாஸ்டர் தம் குடுவைச் சோதனைகளால் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தார். நம் பெரியவர்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். பூதக்கண்ணாடி வந்த பிறகு காட்சி மாறியது. இதை ஒப்புக்கொள்வதால் திருவாசகத்தின் உருக்கம் ஒரு துளி குறையாது. பிறவி வகை எண்பத்து நான்கு லட்சம் என்ற நம் யோனி பேதக் கணக்கையும் விஞ்ஞானிகளின் உயிரினப் பட்டியலையும் ஒட்டவைக்க வேண்டாம். அவர்கள் இதுவரை பெயரிட்டிருப்பது ஏறக்குறைய 20 லட்சம் இனம். நம் கணக்கு எண்ணிக்கைக்காக வந்தது இல்லை. கிடைத்தற்கரிய மனிதப் பிறவியை வீணாக்காதே என்று சொல்ல வந்தது.

கடைசியாக ஒன்று. பாக்டீரியாவிலிருந்து மனிதன் வரை மரபுச் செய்தி எழுதப்படும் முறை அடிப்படையில் ஒன்றுதான். எல்லா உயிரும் ஒரே குடும்பம் என்று விஞ்ஞானம் உடம்பை வைத்துச் சொல்கிறது. சென்னையில் வளர்ந்த வள்ளலார் அதையே உயிரை வைத்துச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் 1867-இல் வடலூரில் சத்திய தருமசாலையின் அடுப்பை மூட்டினார். அது இன்றும் எரிகிறது. பசித்த உடம்பைக் கவனிக்காமல் ஆன்மாவைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது அவர் காட்டிய வழி.

பெரியவர்களே, பேரப்பிள்ளைகள் கேட்டால் டார்வினையும் பொன்னம்பெருமவையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்களே விஞ்ஞானியாகட்டும். மெய்கண்டாரையும் கூடவே சொல்லுங்கள். உயிர் எங்கிருந்து வந்தது என்ற ஆராய்ச்சியை ஆய்வுக்கூடங்கள் தொடரட்டும். வந்திருக்கிற உயிர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்குச் சாப்பாடு, மொட்டை மாடியில் பறவைக்குத் தண்ணீர், தெருநாய்க்கு ஒரு பிடி சோறு. ஆன்மா உண்டு என்று நம்புகிறவர்கள் அந்த நம்பிக்கையை நாளைக் காலை இவற்றிலிருந்து தொடங்குங்கள்.