பலிபீடமும் நகர்மன்றமும்

பழங்காலக் கிரேக்க நகரங்களில் குடிமகனாய் வாழ்வது வேறு, சமய வாழ்வு வேறு என்றிருக்கவில்லை. நகரின் தெய்வங்களுக்குப் பலி செலுத்துவதே குடிமகனின் கடமைகளுள் ஒன்றாய் இருந்தது.

ஏதென்ஸ் நகரை நோக்குவோம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருஞ்சிறப்புடன் நடைபெற்ற பனத்தெனயா விழாவில், அத்தேனா தேவிக்கென நெய்த ஆடையை ஏந்தி மக்கள் அக்ரோபோலிஸ் குன்றுக்குப் பவனி சென்றனர். பலியிட்ட இறைச்சி மக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. மன்றத்தில் வாக்குரிமையற்ற பெண்குலத்தைச் சேர்ந்த ஒருவரே அத்தேவியின் பூசகராய் விளங்கினார். குடியுரிமையற்ற அயலாரும் படையல் தட்டுகளை ஏந்திப் பவனியில் நடந்தனர். சட்டம் மறுத்த இடத்தை வழிபாடு ஓரளவேனும் அளித்தது. இதனை நாம் மதித்தே ஆகவேண்டும்.

ஆயினும், அவ்வொற்றுமைக்கு ஒரு விலை இருந்தது. கி.மு. 399-இல் சாக்ரடீஸ்மீது சாட்டப்பட்ட முதற்குற்றம், நகரம் ஏற்ற தெய்வங்களை அவர் ஏற்கவில்லை என்பதாகும். அவரை விசாரித்தவர்கள் பூசகர்கள் அல்லர். குடிமக்களிலிருந்து திருவுளச் சீட்டினால் தெரிந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 500 நடுவர்கள். தெய்வமும் நகரமும் ஒன்றாகிவிட்ட இடத்தில், மாறுபடும் மனச்சான்று துரோகமாகவே தோன்றும்.

பவுலடியார் அதே ஏதென்சில் நற்செய்தி அறிவித்தவர். திருச்சபையைக் குறிக்க அவர் கையாண்ட 'எக்ளேசியா' என்னும் சொல், கிரேக்கக் குடிமக்கள் கூடிய மன்றத்தின் பெயர். திருவழிபாட்டைக் குறிக்கும் 'லெயித்தூர்கியா' என்பதோ, விழாக்களின் பாடற்குழுவுக்கும் போர்க்கப்பலுக்கும் செல்வர்கள் தம் பொருளைச் செலவிட்டு ஆற்றிய பொதுப்பணியின் பெயர். பழைய சொற்களே, ஆனால் வாயில் அகன்றது. ஆடவர், பெண்டிர், அடிமை, அயலார் என அனைவரும் திருமுழுக்கினால் ஒரே மன்றத்தின் உறுப்பினராயினர்.

அரசோடு கைகோத்த நாள்களில் திருச்சபையினரும் சாக்ரடீசின் நடுவர்களைப்போல் நடந்துகொண்டதுண்டு. நம்பிக்கையில் எவரையும் வற்புறுத்தலாகாது என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தியது.

இனி நாம் நம்மையே வினவுவோம். ஏதென்சின் பவனியில் அயலானுக்கும் ஓர் இடம் இருந்தது. நம் ஊர்கள் சிலவற்றிலோ, திருமுழுக்குப் பெற்ற நம் சகோதரர் வாழும் தெருவுக்குள் திருவிழாத் தேர் நுழைவதில்லை. திருப்பலியில் ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம், கோயிலைவிட்டு வெளியேறியதும் சாதிக்கு ஒரு தெருவாய்ப் பிரிந்துபோகிறோம். திருவழிபாடு என்பது மெய்யாகவே பொதுப்பணியாயின், அந்தத் தேரின் வழியை மாற்றுவதில் அது தொடங்கட்டும்.