திருப்பித் தராத சீட்டு

1870, 80களில் அமெரிக்க இளைஞர்கள் பலர் கோட்டுப் பையில் சின்னச் சின்ன அச்சுச் சீட்டுகளை வைத்திருந்தார்கள். கூட்டமோ விருந்தோ முடிந்து எல்லோரும் கலையும் நேரத்தில் அதில் ஒன்றை ஒரு பெண்ணின் கையில் கொடுப்பார்கள். அறிமுகச் சீட்டு, துணைச் சீட்டு, சல்லாபச் சீட்டு என்று அதற்குப் பல பெயர்கள். மூன்றாவது ஒருவர் அறிமுகம் செய்யாமல் ஆணும் பெண்ணும் பேசுவது முறையல்ல என்றிருந்த காலம் அது. அந்தத் தடையைச் சீட்டு தாண்டியது. உங்களை வீடுவரை கொண்டுவந்து விடலாமா என்று கேட்டது. ‘மே ஐ சீ யூ ஹோம்’ என்பதில் நடுவிலுள்ள இரண்டு சொற்களுக்கும் ஒற்றை எழுத்துகளைப் போட்டு விளையாடிய சீட்டு இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கிறது.

இவற்றில் சில சீட்டுகளின் அடியில் வரும் ஒரு குறிப்புதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. சம்மதமென்றால் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்கிறது அது.

நாகரிகமான ஏற்பாடு போலத்தான் தெரிகிறது. வாய் திறக்காமல் மறுக்க வழி இருக்கிறது, கேட்டவனும் நாலு பேர் முன்னால் அவமானப்படுவதில்லை. கேட்காமலே கையைப் பிடிக்கும் ஆண்களுக்கு நடுவில் கேட்டானே என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வேலை யாருடையது என்று பாருங்கள். ‘சரி’ என்பதற்கு அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். ‘வேண்டாம்’ என்பதற்கு அவள்தான் நடந்துபோய், அவனைத் தேடி, கை நீட்ட வேண்டும். திகைப்பில் சீட்டைப் பிடித்தபடியே நின்றவளும் பயத்தில் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டவளும் அந்த விதிப்படி சம்மதித்தவர்கள். விருப்பமிருந்தால் திருப்பித் தாருங்கள், இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள் என்று மாற்றி அச்சடித்திருந்தாலும் அதே மைதான் செலவாகியிருக்கும். மௌனம் யார் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்பதை அந்தச் சீட்டை எழுதியவர்தான் முடிவு செய்கிறார்.

அச்சைப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு அட்டையில் மூன்று நான்கு வகை எழுத்துகள்: ஒரு வரி கொழுத்த எழுத்து, அடுத்தது நிழல் விழுந்தது, அதற்கடுத்தது கொடி சுற்றியது, ஓரத்தில் ஒரு புறாவோ பூங்கொத்தோ. சில்லறை ஜாப் வேலை செய்யும் அச்சகங்கள் விளம்பர நோட்டீசுகளுக்குப் பயன்படுத்திய அலங்கார எழுத்துகளின் குடும்பம்தான் இது. சீட்டு நோட்டீசின் குரலில் பேசுகிறது. அந்தக் குரல் அவனுக்கு வசதி. அவள் சிரித்தால் காதல், முகம் சுளித்தால் ‘சும்மா விளையாட்டு’. பின்வாங்கும் வழியைக் கோமாளி எழுத்து அவனுக்கு முன்கூட்டியே போட்டுக் கொடுத்திருக்கிறது. அவள் முகத்தில் வந்த சுளிப்புக்கு அப்படி ஒரு வழி கிடையாது, அது சுளிப்பாகவே நின்றுவிடுகிறது.

கனவான்கள் வீட்டு வருகை அட்டை இதற்கு நேர் எதிர். செப்புத் தகட்டில் செதுக்கி அடித்த, மெல்லிய சாய்ந்த எழுத்து. விரலால் தடவினால் மை மேடு தட்டுப்படும். அலங்காரம் கூடாது என்று நடத்தை நூல்கள் கண்டித்தன. இவ்வளவு சுத்தமாகச் செதுக்கிய பெயர் யாருடையது என்றால், கணவனுடையது. முன்னால் ‘மிசஸ்’, பின்னால் அவனுடைய முதல் பெயரும் குடும்பப் பெயரும். மணமாகாத மூத்த மகள் ‘மிஸ்’ போட்டு வெறும் குடும்பப் பெயர். சமூகத்தில் புதிதாக நுழையும் பெண்ணின் பெயரைத் தாயின் அட்டையிலேயே கீழே சேர்த்து அடிப்பதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், பெண்களின் அட்டை ஆண்களுடையதைவிடப் பெரிது. இடம் தாராளம், எழுத அவள் பெயர்தான் இல்லை.

இதெல்லாம் வெறும் அட்டைச் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது. 1855இல் மணமான பின்னும் லூசி ஸ்டோன் தன் பெயரை விடவில்லை. 1879இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிக் குழுத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை தந்தபோது, கணவன் பெயரில் பதியாததால் அவரை வாக்களிக்க விடவில்லை.

வருகை அட்டை பெண்ணுக்கு ஒன்றைக் கொடுத்தது, அதையும் சொல்ல வேண்டும்: ‘அம்மா வீட்டில் இல்லை’ என்ற வாக்கியம். மாடியில் இருந்துகொண்டே இல்லாமல் இருக்கலாம், வந்தவர் அட்டையைத் தட்டில் வைத்துவிட்டுப் போவார். இது பொய்யா, எல்லோரும் அறிந்த மரியாதையா என்று அக்காலத்தவர்கள் வாதாடினார்கள். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை வாசலில் நின்று சொன்னது பல வீடுகளில் பணிப்பெண். அவளுக்கு அட்டை கிடையாது, தட்டு கிடையாது. தேடி வரும் ஆண் நண்பர்கள் கூடாது என்று வேலைக்கு எடுக்கும்போதே அவளிடம் சொல்லிவிடுவார்கள். எஜமானியின் மறுப்பைச் சுமந்த வாய்க்குத் தன் மறுப்பைச் சொல்ல இடமிருந்ததா? வீட்டு ஆண்களிடம் அவள் ‘இல்லை’ என்றால் யார் அதை அட்டையாக வாங்கித் தட்டில் வைத்தார்கள்?

1862 ஏப்ரலில் தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சனுக்கு ஒரு உறை வந்தது. உள்ளே நான்கு கவிதைகளும், அவற்றுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்கும் கடிதமும் இருந்தன. கடிதத்தில் கையெழுத்து இல்லை. இன்னொரு சிறிய உறைக்குள் ஒரு அட்டை, அதில் பென்சிலால் எமிலி டிக்கின்சன் என்று எழுதியிருந்தது. கண்ணில் படாமல் ஒதுங்க நினைத்தவளின் கூச்சம் என்று ஹிக்கின்சன் பின்னாளில் எழுதினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் கவிதையைப் படியுங்கள், என் பெயரைத் தனியே திறந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் வரிசை வைத்திருக்கிறாள். திருப்பிக் கொடுப்பதைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை.