முப்பது நிமிடம்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்துச் சரக்கு லாரிகள் செங்கோட்டை, புளியரை வழியே ஆரியங்காவு ஏறிக் கேரளம் போகின்றன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் தமிழக எல்லைகளில் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் நீங்கின. இன்று அதிகாரம் பெற்ற அலுவலர் வழியில் எங்கும் லாரியை நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் சோதனைச் சுருக்கத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒருமுறை பார்த்த வண்டியை, ஏய்ப்புப் பற்றிக் குறிப்பான தகவல் இல்லாமல், அதே மாநிலத்துக்குள் மறுபடி சோதிக்கக் கூடாது. 30 நிமிடத்துக்கு மேல் நிறுத்திவைத்தால், லாரிக்காரரே அதை இணையத்தில் பதியலாம். எளியவருக்குக் கிடைத்த அருமையான உரிமை இது. பலருக்கு இன்னும் தெரியாது. வரி ஏய்ப்பைப் பிடிப்பது சாதனைதான். பில் சரியாக இருப்பவரைக் காக்கவைக்காமல் அனுப்புவதும் அதே அளவு சாதனை. அலுவலரின் பணிக்குறிப்பில் இதையும் எழுதுங்கள், மேலதிகாரிகளே!