இன்னும் மூன்று சனிக்கிழமைகள்

புரட்டாசி பிறந்து முதல் சனியும் போய்விட்டது, அன்பர்களே. மிச்சம் இருப்பவை மூன்று சனிகள். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்ற தவிப்பில் எழுதுகிறேன்.

தெருவைப் பாருங்கள். கறிக்கடையில் தராசு சும்மா தொங்குகிறது. காசிமேட்டு மீன் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை நெரிசல் இல்லை. நாமக்கல்லில் முட்டை வியாபாரம் மந்தமாகிவிட்டது. 2014-ல் மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் பதினைந்து வயதைத் தாண்டியவர்களில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அசைவம் உண்பவர்கள் என்று சொன்னது. அப்படிப்பட்ட மக்களில் லட்சக்கணக்கானோர், எந்தச் சட்டமும் இல்லாமல், எந்தக் காவலரும் நிற்காமல், மாதம் பிறந்தவுடன் தாமாகவே கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய மன உறுதி! நினைத்தால் நிறுத்த முடியும் என்று ஊரே சேர்ந்து நிரூபித்திருக்கிறது. அந்த உறுதி வீணாகப் போகிறதே என்பதுதான் என் அச்சம்.

பெருமாளுக்காக விட்டவர்கள் உண்டு. “அப்படியே உடம்பும் கொஞ்சம் இளைக்கட்டும், கொழுப்பு குறையட்டும், சர்க்கரை இறங்கட்டும்” என்று சேர்த்து நினைத்தவர்கள் அதைவிட அதிகம். அந்த நினைப்பில் தவறே இல்லை. உடம்பைப் பேணுவதும் கடமைதான். ஆனால் கறி வெளியே போன இடத்தில் என்ன உள்ளே வந்தது என்று எத்தனை பேர் கவனித்தோம்? சனிக்கிழமை தளிகையில் புளியோதரை, தயிர்சாதம், சர்க்கரைப்பொங்கல், மெதுவடை. ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையே என்ற குறை தீர உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், வெஜிடபிள் பிரியாணி, காளான் சில்லி. மாலையில் பஜ்ஜி. “சைவம்தானே” என்று இன்னொரு கரண்டி. “விரதம்தானே” என்று இன்னொரு இனிப்பு. கறியை விட்டோம், ஆசையை விடவில்லை. இலையை மாற்றினோம், அளவை மாற்றவில்லை. மாதக் கடைசியில் எடை பார்த்து ஏறியிருக்கிறதே என்று திகைக்கிறோம்.

திகைப்பதற்கு ஒன்றும் இல்லை. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி தருகிறது, எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி தருகிறது. அது கோழி வறுத்த எண்ணெயா வடை சுட்ட எண்ணெயா என்று உடம்பு விசாரிப்பதில்லை. கறியும் மீனும் முட்டையும் இலையை விட்டுப் போகும்போது புரதமும் போய்விடுகிறது. பசியை அடக்கி வைப்பதில் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைந்தால் பசி சீக்கிரம் வரும், பசி வந்தால் கை சோற்றை நோக்கிப் போகும். ஏற்கெனவே நம் நாட்டில் ஒரு நாளைக்கு உடம்புக்குள் போகும் கலோரியில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தச் சுமையைக் குறைக்க வந்த மாதத்தை, அதையே கூட்டும் மாதமாக்கிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கைக் கேளுங்கள். அதே கழகம் 2023-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். நோயின் வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். தமிழ்நாட்டில் நோயாளிகள் 14.4 சதவீதம், ஏறக்குறைய ஏழு பெரியவர்களில் ஒருவர். உங்கள் தெருவில் எத்தனை வீடு? உங்கள் வீட்டில் எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள். அந்த ஏழில் ஒருவர் யார் என்று தெரியாவிட்டால், தெரிந்துகொள்ளாமல் இருப்பது நம் குற்றம்.

சர்க்கரை நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலித்திருந்தால் நாம் எப்போதோ திருந்தியிருப்போம். ஓசையில்லாமல் சிறுநீரகத்தைத் தின்கிறது. ஓசையில்லாமல் விழித்திரையைத் தின்கிறது. பாதத்து நரம்பைத் தின்று, முள் குத்தியதுகூடத் தெரியாமல் ஆக்குகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். கட்டணத்தை அரசு காப்பீடு ஏற்கலாம். ஆனால் கூடவே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் கூலி நாளை யார் ஏற்பார்கள்? அப்பாவை அழைத்துப் போக வேண்டும் என்று கல்லூரிக்கு விடுப்புப் போட்ட மகளின் படிப்பை யார் ஏற்பார்கள்? ஒருவர் வாயைக் கட்டாததற்கு வீடே பதில் சொல்கிறது. என் உடம்பு, என் இஷ்டம் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

ஆகவே, ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லாதீர்கள். நவராத்திரி முடியட்டும் என்போம். தீபாவளி வந்து நிற்கும். தீபாவளி முடியட்டும் என்போம். கார்த்திகையில் கல்யாணப் பந்தி. பொங்கல் முடியட்டும் என்போம். அதற்குள் நோயின் எல்லையில் நின்றவர் உள்ளே போயிருப்பார். எல்லையில் நிற்கும்போது திரும்பிவிடலாம் என்பது நம் ஊரிலேயே காட்டப்பட்ட உண்மை. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. நோயின் எல்லையில் இருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மூன்று ஆண்டுகள் போலத் தொடர்ந்து கவனித்தார்கள். உணவையும் நடமாட்டத்தையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாக இறங்கவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. எடை பார்க்கும் கருவி அசையவில்லை என்று இரண்டாம் வாரத்திலேயே மனம் தளர்ந்து விட்டுவிடுகிறவர்களே, இதை மறக்காதீர்கள்.

இந்த மாதத்தை எப்படி நடத்துவது? வழி வெளியே எங்கும் இல்லை, மாதத்துக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலும் புரட்டாசியிலேயே நவராத்திரியும் வருகிறது. ஒன்பது நாளும் சுண்டல். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சை, காராமணி. கறி விட்ட உடம்புக்கு வேண்டிய புரதத்தை முன்னோர் பண்டிகையாகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாமோ அதை வெற்றிலைபாக்கோடு கொடுத்தனுப்பும் ஒரு பிடியாகச் சுருக்கிவிட்டோம். இந்த மாதம் அந்தச் சுண்டலை இலையின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். வடை இருந்த இடத்தில் சுண்டல் இருக்கட்டும். இரண்டாம் முறை சோறு வாங்கும் இடத்தில் கீரைக்கூட்டு இருக்கட்டும். இலையில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்க வேண்டும் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. பாதி என்றால் பாதி, ஓரத்தில் ஒட்டிய பொரியல் கணக்கில் வராது. எண்ணெயை மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து வாங்கி, அதற்குள் சமையுங்கள். ஊறுகாயும் அப்பளமும் உப்பின் மறுபெயர்; நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம். சனிக்கிழமை கோயிலுக்கு நடந்தே போங்கள். மற்ற ஆறு நாளும் கோயில் இல்லாவிட்டாலும் நடங்கள்.

இந்த மாற்றத்தின் பாரத்தை வீட்டுப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றாதீர்கள். விரதம் இருப்பவர் ஒருவர், விடியற்காலையில் எழுந்து வீடு கழுவி, பாத்திரம் தேய்த்து, தளிகை சமைப்பவர் வேறொருவர் என்றால் அது யாருடைய விரதம்? பயறு ஊறவைக்க ஆண்களுக்கும் தெரியும். கீரை ஆய ஆண்களுக்கும் கை உண்டு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் அந்தப் பெண்ணின் ரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்று என்றாவது கேட்டிருக்கிறோமா? தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. கறியில் உள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்கும், கீரையில் உள்ளதை அவ்வளவு எளிதில் ஏற்காது. ஆகவே முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேரட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் போகட்டும். அது இரும்பைத் தடுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, உரக்கவே சொல்கிறேன். உங்கள் விரதத்தை உங்கள் குழந்தையின் உடம்பில் வைக்காதீர்கள். பள்ளிச் சத்துணவில் வாரத்தில் ஐந்து நாள் முட்டை தருகிறார்கள். வளரும் பிள்ளைக்கு, அதுவும் வீட்டில் வேறு புரதம் கிடைக்காத பிள்ளைக்கு, அது உயிர்ச்சத்து. பிள்ளையிடம் “இந்த மாசம் முட்டை வாங்காதே” என்று சொல்லி அனுப்பும் தாய்மாரே, அதற்கு ஈடாகப் பாலும் பயறும் தினமும் தர உங்களால் முடியுமா என்று முதலில் நெஞ்சைக் கேளுங்கள். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் குறைக்கக் கூடாது. சனிக்கிழமை ஒருபொழுது இருக்கும் சர்க்கரை நோயாளிகளே, நீங்கள் இன்சுலின் போடுகிறவரா? கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவரா? மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை சரிந்து, வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பலாம். சாப்பாட்டை விட்டோமே என்று மருந்தையும் நீங்களாகவே விட்டால் அதுவும் ஆபத்து. தெய்வம் உங்களிடம் மயக்கத்தைக் கேட்கவில்லை. மருத்துவரிடம் கேட்ட பிறகே ஒருபொழுது.

விரதம் இருப்பவர் இல்லாதவரைத் தாழ்த்திப் பார்ப்பதும் வேண்டாம். திருக்குறள் புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரமே வைத்தது. வடலூரில் 1867-ல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார் உயிரிரக்கத்தால் புலாலை அறவே மறுத்தார். அவர்களுடைய மறுப்பு வாழ்நாள் முழுவதுக்குமானது. நம்முடையது முப்பது நாளைக்கு, அதுவும் பாதி நம் இடுப்பளவுக்காக. இந்த வேறுபாட்டை நேர்மையாக ஒப்புக்கொள்வோம். பக்கத்து வீட்டில் மீன் வறுக்கும் வாசனை வந்தால் முகம் சுளிக்க நமக்கு உரிமை இல்லை. தவக்காலத்தில் நாற்பது நாள் கறியை விடும் கிறிஸ்தவக் குடும்பங்களும், மாலை போட்டு ஒரு மண்டலம் விடும் ஐயப்ப பக்தர்களும் இதே சோதனையில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கும் சொல்கிறேன்: நாற்பது நாளும் மண்டலமும் இதே போல வீணாகலாம், இதே போலப் பலிக்கவும் செய்யலாம்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ஐப்பசியின் முதல் ஞாயிற்றுக்கு. இருட்டோடு இருட்டாகக் கறிக்கடையில் வரிசை நிற்கும். ஒரு மாதம் விட்டதை ஒரே நாளில் வசூலிப்போம், கந்துவட்டிக்காரனைப் போல. குடல் அந்த ஒரு நாளைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் பழக்கம் தாங்காது. முப்பது நாள் கட்டிய கட்டு அன்றே அவிழ்ந்துவிடும். கறி பாவம் என்று நான் சொல்லவில்லை. அதைத் திரும்ப வாங்கும்போது கண் திறந்திருக்கட்டும் என்கிறேன். வறுத்த கறிக்குப் பதில் மீன்குழம்பு. வாரம் நான்கு நாளுக்குப் பதில் ஒரு நாள் ஆட்டுக்கறி. சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சி வேண்டவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அவற்றைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புரட்டாசியில் வந்த சுண்டலும் கீரையும் ஐப்பசியிலும் இலையை விட்டு இறங்காமல் இருக்கட்டும்.

இன்றே ஒரு துணி டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றைச் சுற்றி அளங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் ஆபத்து வாசலுக்கு வந்துவிட்டது. அளவைக் காலண்டரில் எழுதி வையுங்கள். நாளைக் காலை ஒன்றும் சாப்பிடாமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அங்கே காசில்லாமல் பார்க்கிறார்கள். தனியாகப் போகாதீர்கள், வீட்டில் முப்பது வயதைத் தாண்டிய எல்லோரையும் கூட்டிப் போங்கள். “எனக்கு ஒன்றும் இல்லை” என்று மறுக்கும் அண்ணனையும், “அடுப்பில் வேலை இருக்கிறது” என்று தயங்கும் அம்மாவையும் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். மாதம் முடிந்ததும் மறுபடி அளங்கள். இன்றிலிருந்து மூன்று மாதம் கழித்து, சராசரி சர்க்கரை காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். அதற்குள் மார்கழி வந்திருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்.